மன அழுத்த இயக்குநீர்களும் உளப்பிறழ்வு நோயின் தொடக்க நிலைகளும்

மன அழுத்த இயக்குநீர்கள் என்பவை உடலோ மனமோ நெருக்கடிக்கு உள்ளாகும்போது மிகுதியாகச் சுரக்கும் வேதிப்பொருட்கள் ஆகும். அட்ரினலின், நார் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. உளப்பிறழ்வு நோய் தொடங்கும் காலத்தில் இவற்றின் சுரப்பு, குறிப்பாகக் கார்ட்டிசாலின் சுரப்பு, பலரிடம் இயல்பிலிருந்து மாறுபடுகிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகால ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆனால் மன அழுத்தம் மட்டுமே இந்நோயை உண்டாக்குவதில்லை. கார்ட்டிசால் அளவைப் பார்த்து நோயை உறுதி செய்யவும் முடியாது. நோய்க்கு ஆளாகும் இயல்பு ஏற்கெனவே உள்ள ஒருவரிடம், அழுத்தம் நோயை முன்கூட்டியே வெளிக்கொணரவோ அதன் வேகத்தைக் கூட்டவோ கூடும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து. தொடக்க நிலையிலேயே சிகிச்சை பெறுவதும் நோயாளியைச் சுற்றியுள்ள நெருக்கடியைக் குறைப்பதும் ஏன் முக்கியமானவை என்பதை இந்தத் தொடர்பு விளக்குகிறது.

உளப்பிறழ்வு என்றால் என்ன?

உண்மை எது, மனம் உருவாக்கிக் கொண்டது எது என்று பிரித்தறியும் திறன் குலைந்துபோகும் நிலையே உளப்பிறழ்வு. ஆங்கிலத்தில் இது சைக்கோசிஸ் எனப்படுகிறது. யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்பது, பிறர் தனக்கு எதிராகச் சதி செய்வதாக அசைக்க முடியாதபடி நம்புவது, தொடர்பற்ற பேச்சு ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இது ஒரே நோயின் பெயர் அன்று. மனச்சிதைவு நோய், இருமுனைக் கோளாறு, கடுமையான மனச்சோர்வு, போதைப்பொருள் பயன்பாடு, சில உடல்நோய்கள் என்று பலவற்றில் இந்நிலை காணப்படலாம். பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தொடங்குவதால், கல்வி, முதல் வேலை, திருமணம் ஆகியவை முடிவாகும் காலத்தையே இது பாதிக்கிறது.

தொடக்க நிலைகள்

பலரிடம் இந்நோய் ஒரே நாளில் தோன்றுவதில்லை. முதலில் முன்னறிகுறிக் கட்டம் ஒன்று இருக்கும். இது சில வாரங்களிலிருந்து சில ஆண்டுகள் வரை நீடிக்கலாம். தூக்கம் குறைதல், நண்பர்களைத் தவிர்த்தல், படிப்பில் திடீர்ச் சரிவு, காரணமற்ற அச்சம், குளிக்கவும் உடை மாற்றவும் ஆர்வமின்மை, யாரோ தன்னைக் கவனிப்பது போன்ற ஐயம் ஆகியவை இக்கட்டத்தில் காணப்படும். இந்த ஐயம் இன்னும் உறுதியான நம்பிக்கையாக மாறியிருக்காது. “அப்படி இருக்குமோ?” என்ற கேள்வியாகவே இருக்கும்.

அடுத்தது முதல் நோய்க்கட்டம். இப்போது குரல்களும் நம்பிக்கைகளும் நோயாளிக்கு முழு உண்மையாகிவிடுகின்றன. மூன்றாவது, சிகிச்சைக்குப் பின்வரும் மீட்புக் கட்டம். முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் கவனிப்பே நோயின் பிற்காலப் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது என மருத்துவர்கள் கருதுகின்றனர்.

முன்னறிகுறிகள் உள்ள இளைஞர்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு ஒன்று 1994 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தொடங்கப்பட்டது. பேட்ரிக் மெக்கோரி, அலிசன் யங் ஆகியோர் இதில் முன்னோடிகள். இத்தகைய பிரிவுகளில் ‘மிகு இடர்’ உடையோராகக் கண்டறியப்படுபவர்களில் ஏறத்தாழ கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கே மூன்று ஆண்டுகளுக்குள் உளப்பிறழ்வு ஏற்படுகிறது. பெரும்பாலோருக்கு ஏற்படுவதில்லை. எனவே முன்னறிகுறியைக் கண்டவுடன் ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்துவது தவறாகும்.

கார்ட்டிசால் சுரக்கும் வழி

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் நெருக்கடியை உணர்ந்ததும் ஒரு தூண்டு வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியை அடைகிறது. பிட்யூட்டரி மற்றோர் இயக்குநீரை இரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைச் சென்றடைந்ததும் அங்கிருந்து கார்ட்டிசால் சுரக்கிறது. மூன்று உறுப்புகளும் சேர்ந்த இந்தத் தொடர் ‘அழுத்த அச்சு’ எனப்படும்.

கார்ட்டிசால் தீங்கான பொருளன்று. இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி உடலுக்கு ஆற்றல் தருவதும், அழற்சியைக் கட்டுப்படுத்துவதும் அதன் பணிகள். அதன் அளவு காலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் காணப்படும். தூங்கி எழுந்த 30 முதல் 45 நிமிடங்களுக்குள் அது மேலும் உயர்ந்து உச்சத்தை அடையும். இது ‘விழிப்பு எழுச்சி’ எனப்படுகிறது. அன்றைய நாளை எதிர்கொள்ள உடல் தன்னைத் தயார் செய்துகொள்வதன் அடையாளம் இது.

தேவையான அளவு சுரந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிச் சென்று “போதும்” என்று தெரிவிக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும் ஏற்பாட்டைப் போன்றது இது. இந்தச் செய்தியைப் பெறும் இடங்களுள் ஒன்று நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ். அங்கே கார்ட்டிசால் ஏற்பிகள் நிறைய உள்ளன. நெடுங்காலம் அழுத்தம் நீடித்தால் இந்த நிறுத்தும் ஏற்பாடு தளர்கிறது. நெருக்கடி நீங்கிய பிறகும் சுரப்பு முழுமையாகத் தணிவதில்லை.

ஆய்வுகள் கண்டவை

1997 இல் அமெரிக்க உளவியலாளர் எலைன் வாக்கரும் டொனால்டு டிஃபோரியோவும் அழுத்த அச்சுக்கும் மனச்சிதைவுக்கும் உள்ள உறவை விளக்கும் கோட்பாடு ஒன்றை வெளியிட்டனர். மரபுவழியாகவோ கருவில் இருந்தபோதோ உண்டான ஒரு பாதிப்புநிலை முதலில் இருக்கிறது. பின்னர் வளரிளம் பருவத்தில் அழுத்த அச்சு இயல்பாகவே கூடுதல் வேகம் பெறுகிறது. இரண்டும் சேரும்போது நோய் வெளிப்படலாம் என்பதே அதன் சாரம். இதன் பின் வந்த ஆய்வுகளின் முக்கிய முடிவுகள் வருமாறு:

1. முன்னறிகுறி உள்ளவர்களிடமும் முதல் நோய்க்கட்டத்தில் உள்ளவர்களிடமும் கார்ட்டிசாலின் அடிப்படை அளவு சராசரியாகச் சற்றே உயர்ந்து காணப்படுகிறது. வட அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், பின்னர் உளப்பிறழ்வு ஏற்பட்டவர்களிடம் இந்த உயர்வு தெளிவாகத் தெரிந்தது.

2. முதல் நோய்க்கட்டத்தில் உள்ளவர்களிடம் காலை விழிப்பு எழுச்சி மழுங்கியிருப்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2010 இல் தெரிவித்தனர். நாள் முழுதும் அளவு கூடியிருந்தும், தேவையான நேரத்தில் எழுச்சி இல்லை.

3. மெல்போர்னில் 2005 இல் வெளியான ஆய்வில், பின்னாளில் நோயுற்றவர்களின் பிட்யூட்டரி சுரப்பி, நோயுறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு பெரிதாக இருந்தது. சுரப்பி ஓயாமல் தூண்டப்படுவதன் விளைவாக இதைக் கருதினர். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் இதே முடிவைத் தரவில்லை.

இவை யாவும் குழுக்களின் சராசரியைப் பற்றியவை. நோயற்ற பலருக்குக் கார்ட்டிசால் உயர்ந்தும், நோயுள்ள பலருக்கு இயல்பாகவும் இருக்கலாம்.

டோபமினுடன் உள்ள தொடர்பு

குரல் கேட்டல், சந்தேகம் போன்ற அறிகுறிகளுக்கு மூளையின் உட்பகுதியில் டோபமின் மிகையாக வெளிப்படுவது ஒரு முக்கியக் காரணம். ‘இது முக்கியம், கவனி’ என்று மூளைக்குச் சுட்டிக்காட்டும் வேலையை டோபமின் செய்கிறது. அது அளவு மீறும்போது எதிர்வீட்டுக்காரரின் இருமல், பேருந்தில் யாரோ சிரித்தது, தொலைக்காட்சியில் வந்த ஒரு சொல் என அற்பமானவையெல்லாம் தன்னைக் குறித்தவையாகத் தோன்றும். நோய்க்கான மருந்துகள் பெரும்பாலும் டோபமின் ஏற்பிகளைத் தடுத்தே பயன் தருகின்றன.

மன அழுத்தமும் கார்ட்டிசாலும் டோபமின் வெளியீட்டைக் கூட்டுகின்றன. அழுத்தத்தால் டோபமின் கூடுகிறது. அதனால் அச்சமும் சந்தேகமும் வளர்கின்றன. அந்த அச்சமே புதிய அழுத்தமாகிறது. தூக்கமின்மையும் கஞ்சாப் பழக்கமும் இந்தச் சுழலை மேலும் விரைவாக்குகின்றன.

காரணமா, விளைவா?

தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்று நம்பும் ஒருவருக்குக் கார்ட்டிசால் உயர்வது இயல்பே. அப்படியெனில் அந்த உயர்வு நோயின் விளைவு மட்டும்தானா? நோய் முழுமையாக வெளிப்படும் முன்பே மாற்றங்கள் தெரிவதால், விளைவு மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. குழந்தைப் பருவத்தில் வன்முறை, புறக்கணிப்பு, கொடுமை ஆகியவற்றுக்கு ஆளானவர்களிடம் உளப்பிறழ்வு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று 2012 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆயினும் அத்தகைய கொடுமைகளைக் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

கார்ட்டிசால் வகை மருந்துகள் வேறொரு சான்றைத் தருகின்றன. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல்நோய் முதலியவற்றுக்குத் தரப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு மனநிலைக் கோளாறையும் உளப்பிறழ்வையும் உண்டாக்குவதுண்டு. 1972 இல் பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளிடம் நடத்திய கண்காணிப்பில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் பெற்றவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்புகள் ஏற்பட்டன. இம்மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கி உண்பது ஆபத்தானது. நீண்ட நாள் உண்டவர் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதே.

தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகள்

உளப்பிறழ்வின் தொடக்க நிலைகளைப் பற்றிய உலகளாவிய அறிவில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1984 இல் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். அதற்கு முன்பே, 1981 இல், முதன்முறையாக நோயுற்ற 90 பேரைக் கொண்டு ‘மெட்ராஸ் நெடுங்கால ஆய்வு’ தொடங்கியிருந்தது. ஆர். தாராவும் அவருடைய குழுவினரும் அவர்களை 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்தனர். மனச்சிதைவு வந்தால் வாழ்வே முடிந்தது என்ற எண்ணம் தவறு என்பதை அதில் பலருக்குக் கிடைத்த முன்னேற்றம் காட்டியது.

பின்னர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகமும் ஸ்கார்ஃப் நிறுவனமும் சேர்ந்து, முதல் நோய்க்கட்டத்தில் இருந்த சென்னையைச் சேர்ந்த 168 பேரையும் மாண்ட்ரியலைச் சேர்ந்த 165 பேரையும் இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்டன. இரு நகரங்களிலும் ஒரே வகையான தொடக்கநிலைச் சிகிச்சை தரப்பட்டது. குரல் கேட்டல், சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரண்டு இடத்திலும் ஒரே அளவில் குறைந்தன. ஆர்வமின்மை, பேச்சுக் குறைதல், ஒதுங்கியிருத்தல் ஆகியவற்றில் சென்னை நோயாளிகள் கூடுதல் முன்னேற்றம் கண்டனர். சென்னையில் குடும்பத்தினர் சிகிச்சையில் அதிகம் பங்கேற்றதும் பதிவாகியுள்ளது. இந்த முடிவை இயக்குநீர் அளவுகளோடு நேரடியாக இணைத்துவிடக் கூடாது. ஆனால் நோயாளியின் அன்றாடச் சூழல் அவருடைய மீட்பில் பங்குகொள்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

இன்ட்ரெபிட் என்னும் பன்னாட்டு ஆய்வு, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், நைஜீரியாவின் இபாதான், வடக்கு டிரினிடாட் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. மருத்துவமனைகளுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல், மரபுவழிச் சிகிச்சை செய்பவர்களிடம் சென்றவர்களையும் கணக்கில் கொண்டது அதன் சிறப்பு. காஞ்சிபுரத்தில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 20 பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாவதாக அது கண்டது.

கோவளமும் தென்சென்னைப் புறநகரும்

இங்கு குறிப்பிடப்படும் கோவளம் கேரளத்தில் உள்ள ஊர் அன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மீனவர் ஊர் இது. தர்காவும் மாதா கோவிலும் இங்கு உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய கரையோர ஊர்களுள் இதுவும் ஒன்று. ஒருபுறம் கடலை நம்பிய நிலையற்ற வருமானம், மறுபுறம் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் எழுந்த கல்லூரிகள், கணினி நிறுவனங்கள், வேலை தேடி வந்து தனியே தங்கியிருக்கும் இளைஞர்கள் என்று வேகமாக மாறிவரும் பகுதி இது.

வீடற்று அலையும் மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993 இல் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு, கோவளத்தில் மனநல மையத்தையும் தங்கும் இல்லங்களையும் நடத்தி வருகிறது. மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் சிலராகச் சேர்ந்து ஊருக்குள் வாடகை வீட்டில் வாழ வழிசெய்யும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டமும் இந்த அமைப்பினுடையதே.

இத்தகைய இல்லங்களுக்கு வந்துசேர்வோரின் கதைகளும் எங்கோ ஒரு வீட்டில் தூக்கமின்மையும் சந்தேகமுமாகத்தான் தொடங்கியிருக்கும். தொடக்கத்தில் தவறவிட்ட சிகிச்சை, வேலையிழப்பு, குடும்பச் சண்டை, வீட்டைவிட்டு வெளியேறுதல் என்று நீளும் வழியின் கடைசியில்தான் பலர் தெருவுக்கு வருகின்றனர். தெருவில் பசியும் தூக்கமின்மையும் தாக்குதல் அச்சமும் இடைவிடாத அழுத்தமாகின்றன. முதல் சில மாதங்களில் செய்ய வேண்டியதைச் செய்தால் இந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம்.

குடும்பத்தின் பங்கு

நோயாளியை ஓயாமல் குறைகூறுதல், வெறுப்புக் காட்டுதல், அளவு மீறித் தலையிடுதல் ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் கண்டறிந்தனர். சண்டிகரில் நடந்து 1987 இல் வெளியான ஆய்வில், இத்தகைய போக்கு லண்டன் குடும்பங்களைவிட அங்கே குறைவாக இருந்தது தெரியவந்தது. அங்கு நோய் குறைவாகத் திரும்பியதற்கு இது ஓரளவு காரணமாகக் கூறப்பட்டது.

நடைமுறையில் குடும்பத்தினர் செய்யக்கூடியவை:

1. “சோம்பேறி”, “நடிக்கிறான்”, “திமிர்” என்ற சொற்களைத் தவிர்த்தல். பேச்சும் ஆர்வமும் குறைவது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.
2. குரல் கேட்கிறது என்று சொன்னால் வாதிட்டு வெல்ல முயலாமலும், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளாமலும், “உனக்குப் பயமாக இருக்கிறது என்று புரிகிறது” என்று பேசுதல்.
3. இரவுத் தூக்கத்தையும் வேளைக்கு உணவையும் உறுதி செய்தல்.
4. கஞ்சா, மது ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க உதவுதல்.
5. திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று அவசரப்படாமை. புதிய பொறுப்புகள் அழுத்தத்தைக் கூட்டவே செய்யும்.

கோவிலுக்கோ தர்காவுக்கோ மாதா கோவிலுக்கோ செல்வது குடும்பத்துக்கு ஆறுதல் தருமாயின் அதைத் தடுக்க வேண்டியதில்லை. அதனால் மருத்துவம் தள்ளிப்போகக் கூடாது என்பதே முக்கியம். கட்டிப்போடுவது ஒருபோதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஏற்பட்ட தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

பரிசோதனையும் சிகிச்சையும்

உளப்பிறழ்வைக் கண்டறிய இரத்தப் பரிசோதனையோ உமிழ்நீர்ப் பரிசோதனையோ இல்லை. மருத்துவர் நோயாளியிடமும் குடும்பத்தினரிடமும் பேசியே முடிவு செய்கிறார். தைராய்டு கோளாறு, மூளைத் தொற்று, வலிப்பு, போதைப்பொருள், ஸ்டீராய்டு மருந்து முதலிய வேறு காரணங்களை விலக்கவே பரிசோதனைகள் செய்யப்படும். ‘கார்ட்டிசாலைக் குறைக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் மாத்திரைகளும் பொடிகளும் இந்நோய்க்கு மருந்தாகா.

முதல் நோய்க்கட்டத்தில் உளப்பிறழ்வு எதிர்ப்பு மருந்துகளே அடிப்படைச் சிகிச்சை. அவற்றுடன் உளவியல் ஆலோசனை, குடும்பத்துக்கு விளக்கம், படிப்புக்கும் வேலைக்கும் திரும்ப உதவி ஆகியவை சேர்ந்தால் பயன் கூடுகிறது. அமெரிக்காவில் 404 பேரிடம் நடத்தி 2016 இல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. சிகிச்சையின்றிக் கழிந்த காலம் 74 வாரங்களுக்குக் குறைவாக இருந்தவர்களே அதில் மிகுந்த பயன் பெற்றனர். முன்னறிகுறி மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாக முதலில் மருந்து தருவதில்லை. ஆலோசனை, தூக்கச் சீர்திருத்தம், தொடர் கண்காணிப்பு ஆகியவையே போதுமானதாக இருக்கும். நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் யோகாவும் அழுத்தத்தைக் குறைக்க உதவும் துணைகள். மருந்துக்கு மாற்று அல்ல.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

தூக்கம், படிப்பு, பேச்சு, பழக்கம் ஆகியவற்றில் சேர்ந்தாற்போல் மாற்றம் ஏற்பட்டுச் சில வாரங்கள் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். குரல் கேட்டல், அசையாத சந்தேகம், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை இருந்தால் ஒருநாளும் காத்திருக்கலாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் உள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். நோயாளி வர மறுத்தால், குடும்பத்தினர் மட்டும் முதலில் சென்று ஆலோசனை பெறுவதும் பயன் தரும்.